மஞ்சள் கட்டத்தில் நின்ற நாற்காலி

அந்தத் தொழிற்சாலையில் மோட்டார் நாற்காலி செய்தார்கள். நடக்க முடியாதவர்கள் அதில் உட்கார்ந்து, கைப்பிடியில் இருக்கும் சின்னக் குமிழைத் தள்ளினால், தள்ளிய பக்கம் அது போகும். நல்ல நாற்காலிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட நல்ல பொருளும் ஒருநாள் மக்கர் பண்ணும் என்பதை அந்தத் தொழிற்சாலையில் ஒரே ஓர் இடம்தான் ஒப்புக்கொண்டிருந்தது. பின்பக்கம், கழிவறைக்கும் சைக்கிள் நிறுத்தத்திற்கும் நடுவே இருந்த தகரக் கொட்டகை.

அந்தக் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாக ரிப்பேர் வேலை பார்த்தவளை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆணி கழற்றும் அந்தக் கருவி அவள் கொண்டையில் எந்நேரமும் செருகியிருக்கும். பழுதான நாற்காலி வந்தால் பிரிப்பாள். ஒன்றின் மோட்டாரை எடுத்து இன்னொன்றில் போடுவாள். இனிமேல் தேறாது என்று ஆகிவிட்டதன் சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் போட்டுச் சுவரில் தொங்கவிடுவாள். கார்டு, பெல்ட், குமிழ், கம்பி என்று வெளியே எழுதி ஒட்டிய பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். காலையில் வந்த நாற்காலி பெரும்பாலும் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது, அதைப் பற்றி மாநாடுகள் நடக்கின்றன என்பது அவளுக்குத் தெரியாது.

பெயர் இருப்பதை இயக்குநர் கண்டுபிடித்துவிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து அவர் பேசினார். “நண்பர்களே, இதுவரை நம் பொருள்கள் வெளியே போயின. அதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்தோம். ஆனால் இன்று உலகமே பொருள்களைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. பெறுகிறதா என்பது வேறு விஷயம். பேசுகிறது! நாம் பின்தங்கலாமா? எனவே இன்று முதல் ‘திரும்புவழித் திட்டம்’ தொடங்குகிறது. கூடவே நம் ஆலை ஸ்மார்ட் ஆலையாகவும் மாறுகிறது. இனி ஒவ்வொரு நாற்காலியும் தன் நிலைமையைத் தானே சொல்லும். மனிதர்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மனிதர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருடங்களை வீணாக்கிவிட்டோம்.”

கைதட்டினார்கள். திருப்புளியும் தட்டினாள். பழசை வாங்கி ஒழுங்காக ரிப்பேர் செய்யப் போகிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். கொட்டகையின் ஓட்டைக் கூரைக்கு விடிவு வந்தது என்று மனசுக்குள் சந்தோஷம்.

மறுநாள் கொட்டகை பூட்டியிருந்தது. திரும்புவழித் திட்டம் வந்துவிட்டதால், திட்டமில்லாமல் எதுவும் திரும்பி வரக் கூடாதாம். பிஸ்கட் டப்பாக்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. அவளுடைய கருவிகளை வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, ‘திரும்புவழிக்கு முந்தைய காலம்’ என்று பலகை வைத்துவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி வந்து, மிக மரியாதையாக, அவள் கொண்டையில் இருந்ததையும் உருவிக்கொண்டு போனார். பதிலுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும், கையில் பிடித்துக்கொண்டு திரிய ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். இனி அவள் ‘திரும்புவழி இணைப்பாளர், நிலை இரண்டு.’

நிலை ஒன்று யார் என்று கேட்டாள். அந்தப் பதவி காலியாக இருந்தது.

திட்ட மேலாளர் தங்கமான மனிதர். யாரையும் கோபித்துப் பேச மாட்டார். அதனாலேயே அவரிடம் எதையும் சாதிக்க முடியாது.

“அப்போ ரிப்பேர யாரு சார் பண்ணுவா?”

“ரிப்பேர்ங்கற வார்த்தையே இனிமே கிடையாதுக்கா. மதிப்பு மீட்பு.”

“சரி, அத யாரு பண்ணுவா?”

“சிஸ்டம் பண்ணும்.”

“சிஸ்டத்துக்குக் கை இருக்கா சார்?”

“வருதுக்கா. ஆர்டர் போட்டாச்சு. ஒரு கை.”

திருப்புளிக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. முப்பத்துநாலு வயது. பத்து வயதில் ஓடும்போது தடுக்கி விழ ஆரம்பித்தவன். தசைகள் ஒவ்வொன்றாக ஓய்வு வாங்கிக்கொண்டு போகிற நோய். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, தோள் போயிற்று. மிச்சம் இருந்தது வலது கட்டைவிரலும் குரலும். இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் ராஜாவாக வாழ்ந்தான். கட்டைவிரலால் நாற்காலியை ஓட்டிக்கொண்டு தினமும் பேருந்து நிலையத்துக்குப் போவான். அங்கே மைக்கில் எந்த வண்டி எந்த மேடையில், எத்தனை மணிக்கு என்று அறிவிப்பது அவன் வேலை. தாமதமாகும் வண்டியைக்கூட அவன் சொன்னால் கோபம் வராது என்பார்கள். “ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், நீங்களும் குடியுங்கள்” என்று சொல்லிவிடுவான்.

அவன் முதுகெலும்பு வில்லாக வளைந்திருந்தது. கடையில் விற்கும் எந்த இருக்கையும் அவனைத் தாங்காது. திருப்புளி அவன் முதுகை அளந்து அளந்து, ஸ்பாஞ்சை வெட்டி, தேய்த்து, மறுபடி வெட்டி, மூன்று மாதம் மெனக்கெட்டு ஓர் இருக்கை செய்து நாற்காலியில் பொருத்தியிருந்தாள். அதில் உட்கார்ந்தால் அவன் மற்றவர்களைப் போல நிமிர்ந்து இருப்பான். மூச்சும் சீராக வரும். டாக்டர் சொல்லியிருந்தார்: “நிமிந்து உக்காந்திருக்கற வரைக்கும் இவருக்கு ஒண்ணும் ஆகாது. படுக்கையில போட்டுட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும், இருமித் துப்பறதுக்கு இவருக்குத் தெம்பு இல்ல.”

ஒரு புதன்கிழமை, பேருந்து நிலையத்தின் நட்டநடுவில் நாற்காலி நின்றுவிட்டது. சுமை தூக்குபவர்கள் இரண்டு பேர் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

“என்னையும் சேத்து ரிப்பேருக்கு எழுதிக்கோக்கா, ரெண்டு வேலையா வேணாம்” என்றான் தம்பி.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். மோட்டாரை இயக்கும் மின்சுற்றுக் கார்டு கருகியிருந்தது. அதே கார்டு நான்கு, பிஸ்கட் டப்பாவில் அவளே துடைத்து வைத்தவை, ஸ்டோரில் இருந்தன. போய்க் கேட்டாள். நாற்காலி திரும்புவழியில் வந்தால்தான் கார்டு வெளியே வரும், தனியாகக் கொடுக்க விதியில்லை என்றார் ஸ்டோர்காரர். மேலாளரோ மகிழ்ந்தே போனார்.

“கொண்டு வாங்கக்கா! ஏழே படிதான். நம்ம திட்டத்துல வர்ற முதல் நாற்காலி உங்களோடதா இருக்கட்டும். எல்லாருக்கும் முன்மாதிரி.”

அன்றைக்கே ஸ்டோரின் பின் ஜன்னல் வழியாகக் கையை விட்டிருந்தால் கார்டு கிடைத்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஆணியைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த யோக்கியத்தனத்தைப் பின்னால் எத்தனையோ தடவை சபித்தாள்.

மறுநாள் காலை தம்பியைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். கேட்டுக்காரரை எல்லோரும் மாமா என்பார்கள். அவர் நாற்காலியின் அடியில் இருந்த பார்கோடில் கருவியைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இது உள்ள வர முடியாதும்மா.”

“ஏன் மாமா?”

“இந்த நாற்காலி உன் வீட்ல இருக்காம்.”

“உங்க முன்னாடி நிக்குதே!”

“நான் பாக்கறேம்மா. ஸ்கிரீன் பாக்க மாட்டேங்குதே.”

விஷயம் இதுதான். சிஸ்டத்தை எழுதியவர்கள், பொருள் வெளியே போவதற்கு மட்டும் வழி வைத்திருந்தார்கள். விற்றுப்போனது வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும். அங்கே இருப்பது இங்கேயும் எப்படி இருக்கும்? அதனால் திரும்பி வருகிற எதுவும் சிஸ்டத்தின் பார்வையில் போலி. மேலாளர் வந்தார், சிஸ்டம் எழுதியவர்களிடம் போனில் பேசினார், மூன்று மணி நேரம் கழித்து வழி பிறந்தது. நாற்காலி என்று எழுதினால்தானே தகராறு? ‘பழைய உருக்கு, முப்பத்தெட்டு கிலோ’ என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

“தற்காலிகமாத்தான்க்கா” என்றார் மேலாளர். திருப்புளி கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தார்கள். நாற்காலி அதற்குள் நின்றது. முதல் படி முடிந்தது. மற்ற ஆறு படிகளையும் செய்ய வேண்டிய இயந்திரக் கை இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அவளுடைய புதிய வேலை, மணிக்கொரு தரம் மஞ்சள் கட்டத்துக்குப் போய்ப் பார்த்து டேப்லெட்டில் பதிவு செய்வது. ‘நிலை: மாற்றமில்லை.’ ஒரு நாளைக்கு எட்டு தடவை, தன் தம்பியின் நாற்காலிக்கு முன்னால் நின்று, மாற்றமில்லை என்று அமுக்கினாள். நாலு வாரத்தில் கட்டத்துக்குள் முப்பத்தொரு நாற்காலிகள் சேர்ந்துவிட்டன. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் முப்பத்தொரு பச்சைப் புள்ளிகள் ஜொலித்தன.

“சார், எல்லாம் பழுதான நாற்காலி. பச்சையா காட்டுதே?”

“பழுதானா நாற்காலியே புகார் அனுப்பும்க்கா. அதான் ஸ்மார்ட்.”

“கார்டு கருகின நாற்காலி எப்படி சார் அனுப்பும்?”

மேலாளர் திரையை அண்ணாந்து பார்த்தார். “அனுப்பாதுதான்” என்றார். “அதனாலதான் நம்ம புகார் விகிதம் பூஜ்யம். போன மாசம் இயக்குநர் இத மாநாட்டுல சொன்னப்போ எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்.”

இருக்கையையாவது கழற்றித் தாருங்கள், அதை மரநாற்காலியில் கட்டி உட்காரவைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். தங்கமான மனிதர், கண் கலங்கிவிட்டது அவருக்கு. “முப்பத்தெட்டு கிலோன்னு எழுதியிருக்குக்கா. தரைக்கு அடியில எடை பாக்கற மிஷின் இருக்கு. ரெண்டு கிலோ கொறஞ்சாலும் அலாரம் அடிக்கும். உங்க மேலதான் பழி வரும்.”

வீட்டில் அவள் செய்யாத வித்தையில்லை. பலகையில் சாய்வு செய்தாள். மணல் மூட்டை தைத்து இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தாள். மரநாற்காலியில் துணியால் கட்டிவைத்துப் பார்த்தாள். எதில் வைத்தாலும் அரைமணி நேரத்தில் தம்பி ஒரு பக்கமாகச் சரிந்து, மூச்சு முட்டி, கண்ணால் அவளைத் தேடுவான். கடைசியில் படுக்கைதான். புது நாற்காலி கேட்டுத் தொழிற்சாலைக்கே எழுதிப்போட்டாள். ‘உங்களிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு நாற்காலி உள்ளது’ என்று பதில் வந்தது.

பேருந்து நிலையத்தில் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு மைக்கில் ஒரு மிஷின் குரலைப் போட்டுவிட்டார்கள். வீடு பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் ஜன்னல் வழியாக அது கேட்கும்.

“அக்கா, கேட்டியா? ஆறாம் மேடைன்னு சொல்லுது. அந்த வண்டி நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. பாவம், யாராவது வெளியூர்க்காரங்க காத்துக்கிட்டு நிக்கப் போறாங்க.”

“நீ பேசாதடா, மூச்சு வாங்குது.”

“போய்ச் சொல்லிட்டு வாயேன்.”

அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மிஷினை யார் திருத்துவது என்று அங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆறாம் மேடையில் உண்மையாகவே ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தது. அவர்களை வேறு மேடைக்கு அனுப்பினாள். அதைக் கேட்டுத் தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இருமலுக்குத் தெம்பில்லாமல் பாதியில் நின்றது.

ஏழாம் வாரம் தடை நிபுணர் வந்தார். திரும்புவழித் திட்டம் ஏன் நகரவில்லை என்று கண்டறிய இயக்குநர் வரவழைத்த ஆள். உலகம் முழுக்க அலசி, மொத்தம் இருபத்தேழு தடைகள் என்று பட்டியல் வைத்திருந்தார். எந்தத் தடை எந்தத் தடையைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் கலை. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஆக எழுநூற்று இரண்டு கேள்விகள். களத்தில் இருப்பவர் என்பதால் திருப்புளிதான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

“‘மேலிடத்தின் ஈடுபாடின்மை’ என்ற தடை, ‘விழிப்புணர்வின்மை’ என்ற தடையை எந்த அளவு பாதிக்கிறது? பூஜ்யத்திலிருந்து நாலுக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.”

“சார், கொட்டகைச் சாவியும் ஒரு கார்டும் குடுத்தா இன்னிக்கே எல்லாம் நகரும்.”

அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “சாவி இதில் இல்லையே. இதில் இருக்கும் தடைகளாகப் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா.”

“என் தம்பி படுக்கையில கெடக்கான் சார். மூச்சு விட முடியல.”

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். கனிவாகத்தான் பேசினார். “எனக்குப் புரிகிறது. ஆனால் அது தடை அல்ல, விளைவு. நாங்கள் தடைகளை மட்டுமே ஆராய்கிறோம். விளைவுகளுக்குத் தனி ஆய்வு வேண்டும். இந்த ஆய்வு முடிந்தால்தான் அதற்குப் பரிந்துரை செய்ய முடியும்.”

இது முடிந்தால் நாற்காலி நகருமோ என்ற நப்பாசையில், இரண்டு நாள் உட்கார்ந்து எழுநூற்று இரண்டு கேள்விக்கும் அவள் பதில் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை.

முடிவுகளைப் பெரிய அறையில், விளக்கை அணைத்து, படம் போட்டுக் காட்டினார்கள். முதல் தடை: ‘வாடிக்கையாளர்கள் பொருள்களைப் பயன்படுத்துவது.’ பயன்படுத்துவதால்தான் பழுதாகிறது, பழுதாவதால்தான் திரும்பி வருகிறது, திரும்பி வருவதால்தான் திட்டம் திணறுகிறது என்று நிபுணர் அம்புக்குறிகளால் நிரூபித்தார். ஒன்பதாவது தடை: ‘பழைய முறையில் வேலை தெரிந்த ஊழியர்.’ அப்படி அங்கே ஒருத்திதான் இருந்தாள். இருட்டில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே டாக்டர் வீட்டுக்கு வந்தார். தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏம்மா படுக்க வச்சீங்க?” என்று கத்தினார். அவளால் என்னவென்று விளக்க முடியும்? நாற்காலி எங்கே என்று கேட்டால், பச்சைப் புள்ளியாக இருக்கிறது என்றா சொல்வது? தம்பிதான் பதில் சொன்னான், விட்டு விட்டு, “வண்டி கொஞ்சம் லேட் டாக்டர். வந்துரும்.”

ஒன்பதாம் வாரம் கை வந்து சேர்ந்தது.

ஓர் ஆள் உயரம், ஐந்து மூட்டு, நுனியில் மூன்று விரல். தொடக்க விழாவுக்கு வேறு தொழிற்சாலைகளிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். முதலில் எதைச் செய்து காட்டுவது என்று சிஸ்டமே தேர்ந்தெடுத்தது. கட்டத்தில் அதிக நாள் நின்ற நாற்காலி. தம்பியுடையது. திருப்புளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்துவிட்டது முறை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கார்டு மாற்றிவிடுவார்கள், மத்தியான இடைவேளையில் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

கை மூடியைத் திறந்தது. கருகிய கார்டை எடுத்துத் தட்டில் வைத்தது. நல்ல வேலைக்காரன்தான் என்று அவளுக்கே தோன்றியது. அடுத்து மோட்டாரை எடுத்தது. அதற்கு அடுத்து இன்னொரு மோட்டார். அவளுக்குப் புரியவில்லை. சக்கரங்கள் வந்தன. கைப்பிடி வந்தது. கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன குமிழ் தனியே வந்தது. பிறகு இருக்கையைப் பிடித்து இழுத்தது. அவள் பசை போட்டு ஒட்டியிருந்ததால் அது கிழிந்துகொண்டு வந்தது. ஸ்பாஞ்சு எந்த வகை என்று கைக்குத் தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டது.

“நிறுத்துங்க!” என்று அலறினாள். “நிறுத்துங்க சார், அது என் தம்பியோடது!”

இயக்குநர் மைக்கை வாங்கினார். அவர் முகம் நெகிழ்ந்திருந்தது. “பார்த்தீர்களா? ஓர் ஊழியர் பொருளைத் தன் தம்பியாகவே நினைக்கிறார். ஸ்மார்ட் ஆலை மனிதத் தொடர்பை அழித்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வந்தவர்களில் ஒருவர் மட்டும் எழுந்து, பிரித்ததைக் கை மறுபடி பூட்டுமா என்று கேட்டார்.

“பூட்டுவது இரண்டாம் கட்டம்” என்றார் இயக்குநர். “முதலில் பிரிப்பதில் உலகத் தரத்தை எட்டுவோம்.”

திருப்புளி மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியே ஒரு சாக்குல போட்டுக் குடுங்க சார். நான் வீட்ல பூட்டிக்கறேன். ஒரு ஆணி விடாம எனக்குத் தெரியும்.”

“அக்கா, நாற்காலியா இருந்தப்பவாவது ஏதாவது பண்ணியிருக்கலாம். இப்போ அது மூலப்பொருள். மூலப்பொருள் வெளிய போறதுக்கு வாசலே இல்லக்கா.” சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், கேட்டுக்கார மாமா நின்றிருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை அக்குளில் இடுக்கியிருந்தார். இருக்கை. குப்பை வண்டி கேட்டைத் தாண்டும்போது நிறுத்தி எடுத்திருக்கிறார்.

“குப்பைக்குப் பார்கோடு கிடையாதும்மா” என்றார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

கிழிந்த இடத்தை அவள் தைத்தாள். இருவருமாகச் சேர்ந்து அதை மரநாற்காலியில் வைத்துக் கட்டினார்கள். மாமா தம்பியை ஒரு குழந்தையைப் போலத் தூக்கி அதில் வைத்தார். ஒன்பது வாரத்துக்குப் பிறகு அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதுகு தன் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. உதட்டில் இருந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னான். தெருமுனையில் பேருந்துகள் திரும்பிப் போவது தெரிந்தது.

“அஞ்சே கால் வண்டி” என்றான். “இன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டான்.”

அன்று சாயங்காலம் முழுக்க, போகிற வண்டியையெல்லாம் மெல்லிய குரலில் அறிவித்துக்கொண்டே இருந்தான். மாமாவும் அவளும் பயணிகளைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆனால் நெஞ்சில் கட்டிய சளி கட்டியதுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அதே இருக்கையில், அவள் கையைப் பிடித்தபடி தம்பி போய்விட்டான்.

தொழிற்சாலையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். “அவர் நம் திரும்புவழித் திட்டத்தின் முதல் வாடிக்கையாளர். ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் அவர் என்றும் வாழ்வார்” என்றார் இயக்குநர். ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மிஷின்கள் நின்றதும் சுவரில் இருந்த திரை சிவப்பாக மாறி, நிறுத்தத்துக்குக் காரணம் கேட்டது. பட்டியலில் மின்தடை இருந்தது, உதிரிப்பாகப் பற்றாக்குறை இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘இதர’ என்பதை அமுக்கினார்.

பதினைந்து நாள் கழித்து திருப்புளி வேலைக்குத் திரும்பினாள். போக வேறு இடம் இல்லை. அன்று காலை வாசலில் ஒரு தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, மனைவியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தார். மாமா கருவியைக் காட்ட, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பழைய உருக்குன்னு எழுதிக்கலாங்க, உள்ள போயிரும்” என்று சொல்ல வாயெடுத்த மாமா, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திருப்புளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டித் திருப்பி, எதிர்ச்சாரியில் இருந்த ரேடியோ கடை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தாள், ஆணிகள் உருண்டு ஓடாமல் இருக்க. கடைக்காரரிடம் கருவிகளை இரவல் வாங்கினாள். மூடியைத் திறந்தாள். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. முனையைச் சுரண்டி, பற்றவைத்து, ஊதி ஆறவைத்து, மூடியை மாட்டிக் குமிழைத் தள்ளினாள். நாற்காலி முன்னால் ஓடியது.

தையல்காரருக்கு நம்ப முடியவில்லை. கடைக்காரர் அவருக்காகச் சொல்லியிருந்த டீ இன்னும் வந்து சேரவில்லை.

“இவ்ளோதானாம்மா?” என்றார்.

“இவ்ளோதாங்க.”

அவர் கும்பிட்டுவிட்டு நாற்காலியை ஓட்டிக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அப்படியே அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பட்டப்பகலில் அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். மாமா கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.